சுவரில் பழகிய கை தோலுக்கு வரும்போது

கேள்வி: ஐயா, எனக்கு வயது 24. ஏழு ஆண்டுகளாகச் சுவர்களில் கிராஃபிட்டி வரைகிறேன். எழுத்துதான் என் பலம். எழுத்துகளைப் பின்னிப் பிணைக்கும் வைல்ட்ஸ்டைல் வரை கை போகும். ஆனால் இதை நம்பிப் பிழைக்க முடியவில்லை. டாட்டூ கலைஞனாகத் தொழில் செய்ய விரும்புகிறேன். இணையத்தில் ஒரு மிஷின் செட் வாங்கி, என் தொடையில் நானே ஓர் எழுத்தைக் குத்திப் பார்த்தேன். கோட்டின் ஓரங்களில் நீலமாகக் கசிந்ததுபோல் தெரிகிறது. "எங்களுக்குக் குத்திப் பழகிக்கொள்" என்று நண்பர்கள் சிலர் கை நீட்டுகிறார்கள். வீட்டிலேயே பழகி மேலே வர முடியுமா? யாரிடமாவது போய்ச் சேர வேண்டுமா? அப்படிப் போனால், சுவரில் வரைந்த கதையைச் சொல்வதா, மறைப்பதா?

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் நண்பர்களிடம் "இப்போது முடியாது" என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். காரணம் உங்கள் தொடையிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் நீலக் கசிவை டாட்டூ கலைஞர்களான நாங்கள் ப்ளோஅவுட் என்போம். ஊசி போக வேண்டிய ஆழத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. மேலே மேல்தோல், அதன் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு. மை தங்க வேண்டிய இடம் உள்தோல். உடலில் இடத்துக்கு இடம் மாறினாலும், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலேயே நின்றுவிட்டால், மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது மையும் சேர்ந்து உதிர்ந்துவிடும். கீழே இறங்கிவிட்டால் பக்கவாட்டில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழலாகத் தெரியும். சுவரில் ஸ்ப்ரே கேனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் கோடு தடிக்கும், அவ்வளவுதான். இங்கே அரை மில்லிமீட்டர் பிசகுக்கே ஆயுள் தண்டனை.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தொடையில் நீங்களே குத்திக்கொள்ளும்போது இன்னொரு கை என்ன செய்தது? டாட்டூவில் பாதி வேலை மிஷின் பிடிக்காத கைக்கு. தோலை மூன்று திசைகளில் இழுத்து, மேளத்தோல்போல் விறைப்பாக வைத்தால்தான் கோடு நேராக இறங்கும். தொளதொளவென்று இருக்கும் தோலில் எவ்வளவு நல்ல கையும் நடுங்கும். கிராஃபிட்டியில் உங்கள் மற்றொரு கைக்கு அதிகம் போனால் அடுத்த கேனைக் குலுக்கும் வேலை. அந்தக் கையைத்தான் நீங்கள் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. சுவரிலிருந்து தோலுக்கு வந்தவர்கள் உண்டா? நிறையவே உண்டு. 1970-களில் நியூயார்க் சுரங்க ரயில்களின் பெட்டி முழுக்க வரைந்து பெயர் வாங்கிய 'சீன்' (Seen) என்ற கலைஞர், பிறகு அந்த நகரத்திலேயே டாட்டூ கலைஞரானார். லாஸ் ஏஞ்சல்ஸின் மிஸ்டர் கார்ட்டூன் கிராஃபிட்டியிலும் ஏர்பிரஷ்ஷிலும் தொடங்கி டாட்டூவுக்கு வந்தவர். இந்த இரண்டாமவரின் பாதை உங்களுக்கு அதிகம் உதவும். அவர் சுவரில் போட்டதை அப்படியே தோலில் பெயர்க்கவில்லை. கலிபோர்னியாவில் மெக்சிகோ வழி வந்த மக்களிடையே, சிறைக்கூடங்களில் ஒற்றை ஊசியை வைத்து வளர்ந்த மெல்லிய கோட்டுக் கறுப்பு வெள்ளைப் பாணி ஒன்று உண்டு. அதை 1975-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்து தொழிலாக்கியவர்கள் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும். கார்ட்டூன் அந்த மரபுக்குள் நுழைந்து, தன் எழுத்தை அதன் சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். ஏற்கெனவே இருக்கும் ஒரு கைத்தொழிலுக்குள் மாணவராகப் போனவர்களே நிலைத்தார்கள் என்பது நான் பார்த்தவரையிலும் உண்மை.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்ப்போம். எழுத்து. இதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஓவியக் கல்லூரியில் படித்து எங்களிடம் வருபவர்கள் முகத்தை அற்புதமாக வரைவார்கள். ஒரு பெயரை எழுதச் சொன்னால் கணினி எழுத்துருவைத் தேடுவார்கள். எழுத்துக்கு எலும்பு உண்டு, ஒரு கோடு தடித்தால் பக்கத்துக் கோடு எங்கே இளைக்க வேண்டும், இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைக்கே தெரியும். பெயர், தேதி, ஒரு வரி வாசகம் ஆகியவற்றைக் கேட்டு வருபவர்கள் எந்தக் காலத்திலும் குறைவதில்லை. சொல்லப்போனால் இந்த மிஷினுக்கே எழுத்தோடு உறவு உண்டு. 1891-இல் சாமுவேல் ஓரெய்லி நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற முதல் மின்சார டாட்டூ மிஷின், எடிசன் காகிதத்தில் துளையிட்டுப் படியெடுக்கச் செய்த மின்பேனாவைப் பின்பற்றியது.

ஆனால் வைல்ட்ஸ்டைலைக் கொஞ்ச காலம் மூட்டை கட்டி வையுங்கள். எழுத்துகளைப் பின்னிப் பிணைத்து, விவரம் தெரிந்தவர் மட்டும் படிக்கும்படி செய்வது சுவரில் பெருமை. தன் மகளின் பெயரைக் குத்திக்கொள்ள வருபவருக்கு அந்தப் பெருமை வேண்டாம். மகளுக்குப் படிக்கத் தெரிய வேண்டும். இன்றைக்கு மட்டுமல்ல, இருபது ஆண்டு கழித்தும். இங்கேதான் தோல் சுவரிடமிருந்து முழுதாக விலகுகிறது. சுவரில் பூசிய வண்ணம் வெயிலில் வெளுக்கும், உரியும், ஆனால் இடம் மாறாது. தோலுக்குள் போன மையை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் சாகும்போது வெளிவரும் மையை அடுத்து வரும் செல்கள் விழுங்குகின்றன என்று 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளின் தோலில் கண்டறிந்தார்கள். கோடு அங்கே வெறுமனே கிடக்கவில்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக எல்லாக் கோடும் சற்றுத் தடிக்கும், ஓரம் மிருதுவாகும். ஆகவே எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை முன்கூட்டியே தாராளமாக விட வேண்டும். தமிழ் எழுத்தில் இது இன்னும் கடினம். மூன்று சுழி 'ண'வை நகத்தளவுக்குக் குத்தினால், சில ஆண்டுகளில் சுழிகள் அடைந்து ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சும். "சின்னதாகப் போடுங்கள்" என்று கேட்பவரிடம், "இந்த அளவுக்குக் கீழே போனால் படிக்க முடியாது" என்று சொல்லும் துணிவு வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன்: பெயரை எப்போதும் வாடிக்கையாளரின் கையாலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு சுழியா மூன்று சுழியா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் மாதிரி வரைவை, ஒட்டியபின் இன்னொரு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

மறக்க வேண்டியவையும் சில உண்டு. சுவரில் நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்? லேசாக வெளிக்கோடு போட்டு, உள்ளே நிரப்பி, கடைசியில் அழுத்தமான வெளிக்கோட்டால் எல்லாப் பிழையையும் மூடி, வெள்ளையில் மினுக்கு வைத்து முடிப்பீர்கள். தோலில் பொதுவாகக் கோடு முதலில் வரும். பிறகு கறுப்பு நிழல், பிறகு அடர்ந்த வண்ணம், பிறகு வெளிர் வண்ணம், வெள்ளை கடைசி. ஏனென்றால் இங்கே மேலே பூசி மறைப்பது என்பதே கிடையாது. ஸ்ப்ரேயில் கறுப்பின் மேல் மஞ்சள் அடித்தால் மஞ்சள் தெரியும். தோலில் கறுப்பின் மேல் மஞ்சள் குத்தினால் கறுப்புதான் தெரியும். அதுவும் நாம் பார்ப்பது மேல்தோல் என்னும் வண்ணத் திரை வழியாக. கருத்த தோலில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஆறியபின் காணாமல் போகும்; அங்கே அழுத்தமான கறுப்பையும், தொடாமல் விட்ட தோலையுமே வெளிச்சமாகப் பயன்படுத்த வேண்டும். ஸ்ப்ரேயில் நீங்கள் அநாயாசமாகச் செய்யும் மங்கல், இங்கே பல ஊசிகள் வரிசையாகச் சேர்ந்த மேக்னம் ஊசியால் புள்ளி புள்ளியாகக் கட்டும் பொறுமை வேலை. கேன் மூடியை மாற்றுவதுபோல் ஊசிக் கூட்டத்தை மாற்றலாம் என்பது வரைக்கும்தான் ஒற்றுமை.

இருட்டில் அவசரமாக வரைந்து பழகிய வேகமும் சிக்கல் தரும். ஆனால் "மெதுவாகச் செய்" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையை நம்பாதீர்கள். ஊசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. கை அதற்கு ஈடாக நகர வேண்டும். வேகம் கூடினால் கோடு விட்டு விட்டு விழும். குறைந்தால் ஒரே இடத்தைக் கொத்திக் கொத்தித் தோல் கிழியும். கிழிந்த தோல் தழும்பாக ஆறும், அதில் மை சரியாக நிற்காது. அதோடு, வலது கைக்காரர் என்றால் கீழ் வலது மூலையிலிருந்து மேலே போகப் பழகுங்கள். கசியும் மையையும் இரத்தத்தையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் துடைக்கும் துணி ஸ்டென்சிலை அழித்துக்கொண்டே போகும்.

இரத்தம் என்று எழுதிவிட்டேன். வீட்டில் பழகுவது பற்றிய கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. நியூயார்க் நகரம் 1961 முதல் 1997 வரை பச்சை குத்தும் தொழிலையே தடை செய்து வைத்திருந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவியதைக் காரணம் காட்டித்தான். அந்தக் கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத் துளியில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். உங்கள் நண்பர் எவ்வளவு நல்லவர் என்பது அதற்குத் தெரியாது. நல்ல ஸ்டுடியோவில் ஊசி, கையுறை, மைக்கிண்ணம் எல்லாம் ஒருவருக்கு ஒருமுறைதான். மீண்டும் பயன்படுத்தும் உலோகப் பிடிகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கருவியில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம், உறையிட்டவை என்றால் அதற்கும் மேல் வைப்பார்கள். அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று குறித்த கால இடைவெளியில் சோதனையும் செய்வார்கள். இதெல்லாம் வாங்கக் கிடைக்கும் பொருள்கள்தான். வாங்க முடியாதது, கையுறை போட்ட கையால் எதையெல்லாம் தொடக்கூடாது என்ற பழக்கம். கைப்பேசி, விளக்கின் சுவிட்ச், மைப்புட்டியின் மூடி, உங்கள் மூக்கு... பார்த்துக்கொண்டே ஒருவர் பக்கத்தில் நின்று, தொடும்போதெல்லாம் அதட்டினால்தான் அது வரும். தனியாகப் பழகுபவரை அதட்ட ஆளில்லை.

அந்தச் செட்டோடு வந்த மையையும் தூக்கி எறியுங்கள். 2011 இறுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான தொற்று வந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா. கடைசியில் பார்த்தால், முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையிலேயே அது இருந்தது. புட்டி திறக்கும் முன்பே மை கெட்டிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. யார் தயாரித்தது, எந்தத் தொகுதி எண், என்ன நிறமி என்று எதுவும் இல்லாத புட்டியை ஒரு மனித உடம்புக்குள் செலுத்தக்கூடாது. அது உங்கள் உடம்பாக இருந்தாலும்.

ஆகவே, யாரிடமாவது போய்ச் சேருங்கள். சில நாள் வகுப்பு முடித்து வாங்கும் சான்றிதழில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கிருமித்தடுப்புப் பயிற்சியாக இருந்தால் சரி. நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடுகின்றன, உங்கள் இடத்தில் உரிமமோ பயிற்சிச் சான்றோ கட்டாயமா என்று உள்ளாட்சியிலும் சுகாதாரத் துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கை பழகுவதற்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை ஒருவரிடம் நிற்பதுதான் வழக்கம். முதலில் பெருக்குவீர்கள், மேசையைத் துடைப்பீர்கள், ஸ்டென்சில் எடுப்பீர்கள், நிறைய வரைவீர்கள். பல மாதம் கழித்து சிலிக்கான் தோலில் குத்துவீர்கள். அதற்கும் பிறகுதான் மனிதத் தோல். முதல் வாரமே மிஷினைக் கையில் கொடுத்து வாடிக்கையாளர் முன் உட்கார வைப்பவர் உங்களுக்குக் கற்றுத்தரவில்லை. ஓராண்டு பெருக்கியபின்னும் ஊசியைப் பற்றி வாய் திறக்காதவருக்கும் ஓர் ஆள் சம்பளம் மிச்சம், அவ்வளவுதான். சேரும் முன், குத்தியவுடன் எடுத்த படங்களைப் பார்த்து மயங்காமல், ஆறியபின் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகக் குத்தியது எல்லாருடையதும் பளபளக்கும். தயங்காமல், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பதிவேட்டையும் கேளுங்கள். கோபப்பட்டால் வேறு கடை பாருங்கள். வேலையில் சேரும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். வழக்கமாக மூன்று தவணை, முடிய ஏறத்தாழ ஆறு மாதம்.

என்ன எடுத்துக்கொண்டு போவது? சுவர்ப் படங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். சிறந்தவை ஐந்தாறு போதும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் நோட்டில் போட்ட முதல் வரைவையும் வையுங்கள். சிறிய காகிதத்திலிருந்து பெரிய சுவருக்கு அளவு குலையாமல் கொண்டுபோனீர்கள் என்பதை அனுபவசாலி உடனே புரிந்துகொள்வார். மீதி எல்லாம் புதிதாக வரையுங்கள்: மெல்லிய பேனாவில், ஒரே மூச்சில் இழுத்த, திருத்தாத கோடுகள். மூன்று வெவ்வேறு பாணியில் முழு அகரவரிசை. எழுத்தல்லாத பொருள்களும் வேண்டும், பூ, கை, பறவை, முகம். கிராஃபிட்டிக்காரர்களிடம் பெரும்பாலும் இங்கேதான் ஓட்டை இருக்கும். ஒரு பெயரை முன்கையின் திருப்பத்துக்கும், அதே பெயரைக் காரை எலும்பின் வளைவுக்கும் ஏற்ப வரைந்து காட்டுங்கள். தொடையில் குத்தியதை அந்தத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். கேட்டால் மறைக்கவும் செய்யாதீர்கள்.

சுவர்க் கதையைச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லுங்கள். அது இன்று யாரையும் முகம் சுளிக்க வைக்காது. அனுமதி வாங்கி வரைந்தவற்றைக் காட்டுங்கள். போலீசிடமிருந்து ஓடிய வீரக்கதைகள் வேண்டாம். கடை முதலாளி அதைக் கேட்கும்போது தன் கடை ஷட்டரைப் பற்றித்தான் நினைப்பார். (கழிவறைச் சுவரில் உங்கள் டேக், அதாவது கையெழுத்துப் பெயரைப் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், போட்டவர்கள் இருக்கிறார்கள்.)

இதில் ஒன்று மட்டும் உங்களுக்குக் கசக்கலாம். இத்தனை நாளும் உங்கள் பெயரைத்தான் எழுதினீர்கள். 1971-இலேயே ஒரு செய்தித்தாள் டாக்கி 183 என்ற பையன் நியூயார்க் முழுக்கத் தன் பெயரை எழுதித் திரிவதைச் செய்தியாக்கியது. அன்றிலிருந்து இந்தக் கலையின் உயிரே அதுதான். டாட்டூவில் உங்கள் பெயருக்கு இடமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம், உங்களுக்கு எவ்வளவு அழகாகத் தோன்றினாலும். குடித்துவிட்டு வந்தவர், வயது நிரம்பாதவர், கர்ப்பிணி ஆகியோரை நீங்களே திருப்பி அனுப்ப வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரையும் தழும்பு புடைத்து வளரும் உடம்புக்காரரையும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். இன்னொருவர் வரைந்ததன் மேல் வரைவது சுவர் உலகில் சண்டைக்கு அழைப்பு. இங்கே அது கவர்-அப் என்ற மரியாதையான வேலை, நல்ல வருமானமும்கூட. கீழே இருப்பதைப் போட்டவரைத் திட்டாமல் செய்யத் தெரிந்தால்.

பயிற்சிக் காலத்தில் கையில் காசு புரளாது. அதுவரை சுவரைக் கைவிடாதீர்கள். கடைப் பலகை, ஷட்டர், உள்சுவர் ஓவியம் என்று கேட்டு வரும் வேலைகளை எடுத்துச் செலவைச் சமாளியுங்கள். எழுத்துக் கையும் துருப்பிடிக்காது.

வாங்கிய மிஷினை வீணாக்க வேண்டாம். கழற்றிப் பூட்டிப் பாருங்கள், எது எதைத் தள்ளுகிறது என்று புரியும். சிலிக்கான் தோல் வாங்கி நேர்க்கோடும் வட்டமும் மட்டும் பழகுங்கள், அந்த மிஷினை யாருடைய உடம்பிலும் திரும்ப வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. தொடையில் இருப்பதை மறுபடி குத்திச் சரிசெய்ய முயலாதீர்கள். ப்ளோஅவுட் குத்தக் குத்தப் பரவும். முழுதாக ஆறட்டும். பின்னாளில் யாராவது நல்லவர் நிழல் வைத்து அதை உள்ளே இழுத்துவிடலாம். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்த மை, எங்கே வாங்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், புட்டியை எறிவதற்கு முன் அதன் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.